உன் அத்தை ஆபாவிலிருந்து வருகிறாள்

ஐயா,

நான் கோபத்தில் போனை வைத்துவிட்டேன் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். இல்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது. கோபம் அதற்குப் பிறகு, சார்ஜரைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் வந்தது. வந்த கோபம் நாலு நாளாகப் போகவில்லை. போனில் பேசினால் 'ம்மா, நான் சொல்றதக் கேளும்மா' என்று குறுக்கே விழுவாய். காகிதத்தில் குறுக்கே விழ முடியாது. அதனால் எழுதுகிறேன். கடைசி வரைக்கும் படி. நடுவில் எழுந்து டீ போடப் போகாதே.

நீ சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று மழுப்பக் கூடாது. தை மாதம் உன் கல்யாணத்தில் மேடையில் பெரியப்பாவும் பெரியம்மாவும் நிற்கட்டும், பாதபூஜை அவர்களுக்கே நடக்கட்டும், தாலித் தட்டையும் அவர்களே எடுத்துக் கொடுக்கட்டும் என்றாய். "நீ கீழ முன் வரிசைல சோபால உக்காந்துக்கம்மா. அப்பா இல்லாம நீ மட்டும் நின்னா பொண்ணு வீட்டுல ஒரு மாதிரி நெனப்பாங்க" என்றாய். அதை நான் விழுங்குவதற்குள் அடுத்ததையும் சொன்னாய். "சின்வே ஆன்ட்டிய சாயங்காலம் ரிசப்ஷனுக்கு மட்டும் வரச் சொல்லு. காலைல முகூர்த்தத்துல வேணாம். வந்தா எல்லாரும் அவங்களத்தான் வேடிக்கை பாப்பாங்க." ஒரே மூச்சில் இரண்டு பேரை மேடையிலிருந்து இறக்கிவிட்டாய். பெங்களூரில் உனக்குச் சும்மாவா மேனேஜர் வேலை கொடுத்திருக்கிறார்கள்!

சின்வேயை உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். வருஷத்துக்கு இரண்டு தடவை நைஜீரியாவிலிருந்து வருவாள், நம் மாடி அறையில் தங்குவாள், பரவையில் நம் எம்பிராய்டரி பட்டறையில் துணி எடுத்துக்கொண்டு போவாள், உனக்கு சாக்லேட் கொடுத்துக் கன்னத்தைக் கிள்ளுவாள். இவ்வளவுதான் உனக்குத் தெரியும். அவள் ஆபா என்ற ஊர்க்காரி, இக்போ இனத்துக்காரி, அந்த ஊர்ச் சந்தையில் சொந்தக் கடை வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் உனக்கு எதற்கு? ஆப்பிரிக்கா ஆன்ட்டி, முடிந்தது கதை. உன்னை மட்டும் குற்றம் சொல்லி என்ன செய்ய. உன் அப்பாவும் நானும் அப்படித்தான் ஆரம்பித்தோம்.

இக்போப் பெண்கள் கல்யாணத்துக்கு உடுத்தும் துணிக்கு 'ஜார்ஜ்' என்று பேர். ஒரே மாதிரி இரண்டு துண்டு, ஒன்றை இடுப்பில் கட்டி அதன்மேல் இன்னொன்றைக் கட்டுவார்கள், துணி முழுக்க வேலைப்பாடு இருக்கும். நம் பக்கத்தில் தைத்துக் கப்பலேறிப் போகும் துணி அது. சென்னை ஏஜென்ட் மூலமாக முதல் ஆர்டர் நமக்கு வந்தபோது உன் அப்பா ஆப்பிரிக்காதானே என்று பார்டர் முழுக்க ஒட்டகச்சிவிங்கி போட்டுவிட்டார். நான் அதற்கு மேலே ஒரு படி போனேன். கல்யாணத் துணியை மஞ்சள் வைக்காமல் எப்படி வீட்டைவிட்டு அனுப்புவது? பட்டறைப் பெண்களை நகரச் சொல்லிவிட்டு நானே உட்கார்ந்து அத்தனை துணிக்கும் நாலு முனையிலும் மஞ்சள் தடவி மடித்துக் கொடுத்தேன். எங்கேயோ இருக்கிற பிள்ளைகள் நன்றாக வாழட்டும் என்று வேண்டிக்கொண்டும் தடவினேன். அம்புட்டு நல்ல மனசு எனக்கு!

ஒரு மாதத்தில் ஒரு பெண் பெட்டியோடு வந்து இறங்கினாள். நல்ல உயரம், தலையில் பெரிய கட்டு. நம் வீட்டு ஹாலில் துணியை விரித்துப் போட்டு மஞ்சளைக் காட்டி, இது என்ன நோய் என்று இங்கிலீஷில் கேட்டாள். உன் அப்பா, நோய் இல்லை, ஆசீர்வாதம் என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என் துணிக்கு ஆசீர்வாதம் பண்றதுக்கு முன்னாடி என்னைக் கேட்டியா?" எனக்குச் சுர்ரென்று ஏறியது. நல்லதுக்குத்தானே வெச்சேன், இதுக்கு ஒரு பஞ்சாயத்தா என்று நான் தமிழில் கத்த, அவள் இங்கிலீஷில் கத்த, நடுவில் உன் அப்பா இரண்டு பக்கமும் பாதியை முழுங்கிவிட்டு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். "ஒட்டகச்சிவிங்கிய நான் டிவிலதான் பாத்திருக்கேன். எங்க ஊர்ப் பொண்ணு அதைக் கட்டிக்கிட்டா கல்யாணத்துக்குப் போவா?" என்று அவள் கேட்டதை மட்டும் அவர் மொழிபெயர்க்காமல் சிரித்துவிட்டார். அப்புறம் அவளும் சிரித்தாள். சிரிக்காதது நான் ஒருத்திதான், எனக்கு அர்த்தம் ராத்திரிதான் தெரிந்தது.

அன்றைக்கு டவுனில் எந்த லாட்ஜிலும் அவளுக்கு ரூம் கொடுக்கவில்லை. ரூம் காலியில்லை என்று சொன்ன இடத்திலேயே, அவளுக்குப் பின்னால் வந்த ஆளுக்குச் சாவியை எடுத்துக் கொடுத்தார்களாம். அப்படித்தான் நம் மாடிக்கு வந்தாள். மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் துணிகளைத் துவைத்தோம். சோப்புப் போட்டதும் மஞ்சள் ரத்தச் சிவப்பாகிவிட்டது. அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வெயிலில் போட்டால் தானாகப் போய்விடும் என்று சைகையில் சொன்னேன். அவள் நம்பவில்லை. மொட்டை மாடியில் கொடிகட்டி, இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டி நிழலில் காவல் உட்கார்ந்தோம். மதுரை வெயிலாச்சே, சாயங்காலத்துக்குள் கறை இருந்த இடம் தெரியவில்லை. அவளுக்கும் எனக்கும் பேச்சு வளர்ந்தது அந்த மாடியில்தான்.

அடுத்த தடவை வந்தபோது அவளோடு வடக்கு நைஜீரியாவிலிருந்து ஒரு ஹவுசா வியாபாரியும் வந்திருந்தார். இரண்டு பேரும் தங்களுக்குள் இங்கிலீஷிலேயே பேசிக்கொண்டார்கள். எனக்கு ஆச்சரியம். உங்கள் பாஷையில் பேச வேண்டியதுதானே என்று கேட்டுவிட்டேன். அவள் என்னை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு இழுத்துக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டைக் காட்டி, அங்க என்ன பேசுறாங்க என்றாள். சௌராஷ்டிரம் என்றேன். எதிர்வீடு? தெலுங்கு. முக்கில் இருக்கிற டெய்லர்? உருது. "இந்த ஒரு தெருவுக்கு நாலு பாஷை. நீ மட்டும் நாங்க அம்புட்டுப் பேரும் ஒரே பாஷை பேசணும்ங்கிற. எங்க ஒரு நாட்டுக்குள்ளயே நூத்துக்கணக்குல இருக்கு. யொரூபா வேற, ஹவுசா வேற, ஈஜோ வேற, எஃபிக் வேற. எங்க இக்போவே பத்து ஊரு தள்ளிப் போனா எனக்குப் பாதி புரியாது" என்றாள். பாதி இங்கிலீஷ், பாதி நம் பட்டறைப் பெண்களிடம் பொறுக்கிய தமிழ்.

பெருமையாக மட்டும் பேசிவிட்டுப் போகிறவள் இல்லை அவள். இக்போக்காரர்கள் தனி நாடு கேட்ட பயாஃப்ரா சண்டை நடந்தபோது கைக்குழந்தையாம். அவளைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா ஊர் ஊராக ஓட, அண்ணன் ஒருவன் வழியிலேயே பசியில் செத்துப்போனான். இக்போக்காரர்கள் இனி எழுந்திருக்க மாட்டார்கள் என்று சொன்னவர்களுக்கு முன்னால், இடிந்த சந்தையில் பலகையைப் போட்டு அவள் அம்மா மறுபடி கடை விரித்தாள். இதைச் சொன்ன அதே வாயால், "எங்களுக்குள்ளயும் பொண்ணு குடுக்காத, பொண்ணு எடுக்காத சனம் இருக்கு. அவங்கள நாங்க ஒதுக்கித்தான் வெச்சோம்" என்றும் சொன்னாள். எனக்கு அது பிடித்தது. நம் ஆட்கள் யாராவது வெளியூர்க்காரரிடம் இப்படி உடைத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவள் சொன்னதில் எனக்கு நன்றாக ஒட்டிக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. ஒரு குலத்தில் பிறந்த பெண்களை அவர்கள் 'உமுஆடா' என்பார்கள். கட்டிக்கொடுத்து எந்த ஊருக்குப் போனாலும் பிறந்த வீட்டில் அவர்களுடைய சொல்லுக்கு எடை உண்டு. வீட்டில் சண்டையென்றால் கூட்டமாக வந்து உட்கார்ந்து தீர்த்துவைப்பார்கள். சாவென்றால் வந்து வீட்டையே கையில் எடுத்துக்கொள்வார்கள். பெண்டாட்டியை அடிக்கிறவன் வீட்டு வாசலில் ஊர்ப் பெண்கள் மொத்தமாகப் போய் உட்கார்ந்து, அவன் மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் அவனைக் கிண்டல் பண்ணிப் பாடுவார்களாம். வெள்ளைக்காரன் ஆண்டபோது பெண்களுக்கும் வரி போடப்போகிறான் என்று தெரிந்து, ஆபா பக்கத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கிளம்பி அதிகாரிகளின் வாசலில் இதையே செய்தார்கள். சுட்டார்கள். செத்தார்கள். ஆனாலும் வீட்டுக்குள் முடங்கவில்லை. அன்றைக்கு இதைக் கேட்டுவிட்டு உன் அப்பா, "நல்லவேளை, எனக்குக் கூடப்பொறந்த பொம்பளைக யாரும் இல்ல" என்றார். சின்வே விடவில்லை. "அண்ணே, நான் இருக்கேன்" என்றாள். அது விளையாட்டுப் பேச்சு என்றுதான் நான் நினைத்தேன்.

இனி எழுதப்போவதை நான் உனக்குச் சொன்னதே இல்லை. அப்பா போன பதினாறாம் நாள் உன்னையும் மற்ற ஆண்களையும் காரியத்துக்கு வைகைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சின்வே துணி எடுக்க வந்திருந்தவள், ஊருக்குத் திரும்பாமல் தங்கியிருந்தாள். டிக்கெட் கிடைக்கவில்லை போல என்று நீ நினைத்தாய். அவள்தான் டிக்கெட்டை ரத்து செய்தாள். நீங்கள் போனதும் பெண்கள் என்னை உள் அறையில் பலகையில் உட்கார வைத்தார்கள். தலை நிறையப் பூவும் கை நிறைய வளையலும் போட்டார்கள். எதற்கு என்று உனக்குத் தெரியுமா? பிய்ப்பதற்கும் உடைப்பதற்கும். பெரியம்மாதான் முன்னால் நின்றார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன், அழுதுகொண்டேதான் வந்தார்கள். கையில் சின்ன அம்மிக்குழவி வைத்திருந்தார்கள்.

சின்வே கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளுக்கு எதையும் விளக்கவில்லை. விளக்க வேண்டிய அவசியமும் இல்லை, அவளுக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. நேரே வந்து எனக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "யாரு இவ நடுவுல? எந்திரிக்கச் சொல்லுங்க" என்றது ஒரு குரல். சின்வே பெரியம்மாவின் கையிலிருந்த குழவியை மெதுவாக வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நான் இந்த வீட்டுல பொறந்த பொண்ணு. செத்தது எங்கண்ணன். பொறந்த பொண்ணு வேணாம்னா வேணாம். அம்புட்டுத்தான்" என்றாள். ஒரு வயசான அம்மா, "நம்ம முறை உனக்கென்னம்மா தெரியும்?" என்று கேட்டார். சின்வே தலைக்கட்டைக் கழற்றினாள். "எனக்குத் தெரியும். எம்புருசன் செத்தப்ப அவன் வீட்டுப் பொண்ணுக பிளேடோட வந்து என் தலைய மழிச்சாங்க. ஒரு வருசம் ஒரே துணியக் கட்டிக்கிட்டு இருந்தேன். எல்லா இக்போ ஊர்லயும் இப்படிச் செய்ய மாட்டாங்க, எங்க ஊர்ல செஞ்சாங்க. அப்புறம் எந்தம்பி செத்தான். அவன் பொண்டாட்டிக்கு மழிக்க பிளேடை என் கையில குடுத்தாங்க, நான் மூத்த பொண்ணுன்னு. நான் பிளேடைத் தூக்கிச் சாக்கடைல போட்டுட்டு வந்தேன்." பெரியம்மா என்ன நினைத்தார்களோ, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, எல்லாருக்கும் காபி போடப் போய்விட்டார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். என் வளையல் கையிலேயே இருந்தது. தாலியை ஆறு மாதம் கழித்து, எனக்குத் தோன்றிய நாளில், நானே கழற்றி பீரோவில் வைத்தேன். எனக்குப் பொட்டு வைத்துக்கொள்ளத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் கேட்டாயே, இங்கிருந்துதான் வந்தது.

ஆமாம், அவளும் புருஷனை இழந்தவள். அந்த அறையில் இருந்த பெண்கள் யாரும் வெளியே சொல்லாததால் பெரியப்பாவுக்கு இது தெரியாது. கறுப்பாக இருக்கிறாள் என்பதோடு இதையும் சேர்த்துச் சொன்னால் மண்டபத்தையே கழுவிவிடச் சொல்வார். சின்வே கல்யாணத்துக்கு வருவாள் என்று நான் சொன்ன அன்றைக்கு என்னிடம், "என்னத்தா, உங்க வீட்டுல மதுரையா சிதம்பரமா?" என்று நக்கலாகக் கேட்டார். "ஊரு பேரே மதுரைதானங்க, பெறகென்ன கேள்வி" என்றேன்.

நான் ஏதோ பிறந்ததிலிருந்தே இப்படி நிமிர்ந்து நின்றவள் என்று நினைத்துவிடாதே. உன் காதுகுத்துக்கு டி. கல்லுப்பட்டியிலிருந்து உன் சித்தி வந்திருந்தாள். அப்போது அவள் புருஷன் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குங்குமத் தட்டை ஏந்தி வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தவள் நான். அவளுக்கு முந்தின ஆளுக்குக் கொடுத்தேன், அவளுக்குப் பிந்தின ஆளுக்குக் கொடுத்தேன். என்னை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. மாமியார் சொல்லவில்லை, புருஷன் சொல்லவில்லை. யாரும் ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து நானே முந்திக்கொண்டேன். கூடப் பிறந்தவள்! சாப்பிட்டுவிட்டு, "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனாள். நீ போனில் பேசிய மறுநாள் அவள் வீட்டுக்குப் போய் அதற்கு மன்னிப்புக் கேட்டேன். "இம்புட்டு வருசம் கழிச்சு இதச் சொல்லத்தான் வந்தியா?" என்று கேட்டுவிட்டு முறுக்கை எடுத்து வைத்தாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை.

அங்கிருந்து வந்த மறுநாள் அலங்காநல்லூருக்கு பஸ் ஏறினேன், சம்பந்தியம்மா வீட்டுக்கு. நீ பொண்ணு வீட்டார் ஒரு மாதிரி நினைப்பார்கள் என்றாய் அல்லவா, அந்த ஒரு மாதிரி எந்த மாதிரி என்று அவர்கள் வாயாலேயே கேட்டுவிடலாம் என்றுதான் போனேன். அந்த அம்மா மோரைக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் சுற்றிவளைக்காமல் கேட்டேன். "மதினி, நான் மேடை ஏறுனா உங்களுக்குச் சங்கடமா?" அவர்கள் திடுக்கிட்டுப் போனார்கள். "ஐயோ மதினி, நாங்க அப்படி ஒரு வார்த்தை பேசல. மாப்ளதான் போன் போட்டு, அம்மா நிக்க மாட்டாங்க, பெரியப்பாதான் நிப்பாரு, அந்த ஆப்பிரிக்காக்காரம்மாவும் வர மாட்டாங்கன்னு சொன்னாரு. உங்க வீட்டு முறை போலன்னு நாங்க வாயத் தொறக்கல" என்றார்கள். மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

யாரும் கேட்கவில்லை, ஐயா. பெரியப்பா முணுமுணுத்தார், அவர் எப்போதும் முணுமுணுப்பவர்தான். பொண்ணு வீட்டார் வாயையே திறக்கவில்லை. நீயாகவே முந்திக்கொண்டு உன் அம்மாவைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாய். அந்தக் கைப்பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், என் கையிலிருந்துதான் வந்தது. அதனால்தான் உன்னை வெறுக்க முடியவில்லை. அதனாலேயே விட்டுக்கொடுக்கவும் முடியாது. நான் அன்றைக்குச் செய்ததை ஒருத்தி நேரே பார்த்துத் தடுத்திருந்தால் என் தங்கை அப்படி பஸ் ஏறியிருக்க மாட்டாள். உன்னைத் தடுக்க நான் இருக்கிறேன்.

அழைப்பிதழ் நேற்று அச்சுக்குப் போய்விட்டது. வரவேற்பவர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருக்கிறது. அதற்குக் கீழே அத்தை என்று போட்டு சின்வேயின் பெயரும் ஊரும் இருக்கிறது. அச்சகத்துத் தம்பி ஆபா எந்த மாவட்டம் என்று கேட்டார், தூரம்ப்பா என்றேன். பெரியப்பா பெயரும் மரியாதையாக, போட வேண்டிய இடத்தில் இருக்கிறது. அவர் சாப்பிட வரட்டும், ஆசீர்வாதம் பண்ணட்டும், முணுமுணுக்கவும் செய்யட்டும். சின்வேக்கு டிக்கெட் போட்டாயிற்று. எனக்கு அரக்கில் பட்டு எடுத்தாயிற்று. அவளுக்கு நம் பட்டறையிலேயே ஜார்ஜ் தைக்கிறார்கள். பார்டரில் என்ன போடுவது என்று இந்தத் தடவை அவளிடமே கேட்டுக்கொண்டோம்.

முகூர்த்தத்தன்று நீ கழுவப்போகும் கால் என்னுடையது. என் பக்கத்தில் உன் அப்பா நின்றிருக்க வேண்டிய இடத்தில் அவருடைய தங்கை நிற்பாள். தாலித் தட்டை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பிடித்திருப்போம். அது வேண்டாம் என்றால், நீ மைக்கைப் பிடித்து, அத்தனை சனத்துக்கு முன்னால், என் முகத்தைப் பார்த்து, "அம்மா, கீழே இறங்கு" என்று சொல்ல வேண்டும். பெரியப்பாவை விட்டுச் சொல்லக் கூடாது. பொண்ணு வீட்டார் தலையில் போடக் கூடாது. உன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லிவிடு, நான் இறங்கிப் போய்விடுகிறேன், அதற்கப்புறம் உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். சொல்ல முடியாதென்றால் காலைக் காட்டுகிறேன், தண்ணீரை ஊற்று.

வரட்டுமா என்று உன்னிடம் நான் கேட்கவில்லை.

வாரேன்.

அம்மா